சுடரின் நிறமும் ‘இருக்கலாம்’ என்ற சொல்லும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளியான, உப்பிலுள்ள உலோக அயனிகளைச் சுடர் சோதனையால் கண்டறிவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். பல ஆண்டுகள் வேதியியல் செய்முறை வகுப்புகளை நடத்தியவன் என்ற முறையில், இத்தகைய பொருளுக்கு நாளிதழில் இடம் கிடைத்ததே எனக்கு மகிழ்ச்சி. ஆயினும், கட்டம் கட்டி வெளியிடப்பட்ட நிற அட்டவணைக்கு மேலே இருந்த ‘நிறத்தைப் பார்த்தாலே உலோகம் எதுவென்று உறுதியாகச் சொல்லிவிடலாம்’ என்ற வரியும், கண்ணாடிக் கோலின் நுனியில் உப்பை எடுத்துச் சுடரில் காட்டும்படி கூறிய செய்முறைக் குறிப்பும், இறுதியில் மெத்தனால் என்ற எளிதில் தீப்பற்றும் நீர்மத்தைக் கிண்ணங்களில் ஊற்றி வண்ணச் சுடர்களை வரிசையாக ஏற்றிப் பார்க்கலாம் என்று தரப்பட்ட யோசனையும் திருத்தப்பட வேண்டியவை என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அட்டவணையில் பிழை இல்லை. லித்தியத்துக்குக் கருஞ்சிவப்பு, சோடியத்துக்குப் பொன்மஞ்சள், பொட்டாசியத்துக்கு இளம் ஊதா, கால்சியத்துக்குச் செங்கல் சிவப்பு, ஸ்ட்ரான்சியத்துக்கு ஒளிமிக்க செஞ்சிவப்பு, பேரியத்துக்கு இளம்பச்சை, தாமிரத்துக்கு நீலப்பச்சை என்ற வரிசை எந்தப் பாடநூலிலும் காணப்படுவதுதான். சிக்கல் ‘உறுதியாக’ என்ற சொல்லில் இருக்கிறது. உப்புப் பகுப்பாய்வு செய்யும் மாணவர் தம் ஏட்டில் சோதனை, உற்றுநோக்கல், அனுமானம் என்று மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்) இட்டு, சுடர் சோதனைக்கு நேரே ‘கால்சியம் இருக்கலாம்’ என்று மட்டுமே எழுதுவார். அந்த உப்பின் கரைசலில் அம்மோனியம் ஆக்சலேட்டைச் சேர்க்கும்போது வெள்ளை வீழ்படிவு (கரையாமல் பிரிந்து படியும் திடப்பொருள்) தோன்றி, அது அசிட்டிக் அமிலத்தில் கரையாமலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைந்தும் போவதைக் கண்ட பின்னரே ‘உறுதி செய்யப்பட்டது’ என்று எழுதும் உரிமை அவருக்கு வருகிறது. இந்த இரு சொற்களுக்கும் இடையிலான தூரத்தைக் கற்பிப்பதற்காகவே செய்முறை வகுப்பு என்ற ஒன்று இருக்கிறது என்று நான் நம்புகிறவன். தங்கள் கட்டுரை அந்தத் தூரத்தை ஒரே வரியில் அழித்துவிட்டது.

முதல் இடர் சோடியத்தால் வருவது. கண்ணுக்குத் தெரியாத அளவு சோடியம் இருந்தாலும் சுடர் மஞ்சளாகிவிடும். அந்த மஞ்சள் பக்கத்திலிருக்கும் எந்த மெல்லிய நிறத்தையும் விழுங்கிவிடும். 1860ஆம் ஆண்டு, ஜெர்மனியின் ஹைடல்பர்கில் பணியாற்றிய ராபர்ட் பன்சனும் குஸ்தாவ் கிர்க்கோஃபும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்கு ஒரு சான்று இருக்கிறது. அவர்கள் அறையின் ஒரு மூலையில் 3 மில்லிகிராம் சோடியம் குளோரேட்டைப் பால் சர்க்கரையோடு கலந்து வெடிக்கச் செய்துவிட்டு, தொலைவிலிருந்த சுடரை, ஒளியை நிறங்களாகப் பிரித்து வரிகளாகக் காட்டும் கருவியின் வழியே பார்த்துக்கொண்டிருந்தனர். சில நிமிடங்களில் சோடியத்தின் மஞ்சள் வரி அதில் பளிச்சிட்டது. அறையிலிருந்த காற்றின் அளவைக் கொண்டு கணக்கிட்டு, ஒரு மில்லிகிராமின் முப்பது லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சோடியம் உப்பைக்கூடச் சுடர் காட்டிக்கொடுத்துவிடும் என்று எழுதினர். இவ்வளவு கூர்மை வேதியியலாளருக்கு ஒரு வகையில் வரம், ஒரு வகையில் தொல்லை. விரல் நுனியின் வியர்வை, மேசைத் தூசு, கழுவிய நீரில் கரைந்திருந்த உப்பு ஆகிய எதுவும் ஒரு மாணவரைச் சோடியம் என்று எழுதவைக்கப் போதும்.

இதை நான் பட்டறிந்துதான் சொல்கிறேன். மாணவனாக இருந்தபோது ஒரு தேர்வில் எனக்குக் கிடைத்த வெள்ளை உப்பைச் சுடரில் காட்டியவுடன் மஞ்சள் எழுந்தது. அவசரத்தில் சோடியம் என்று எழுதிவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விட்டேன். அது பொட்டாசியம் உப்பு. முன்பு யாரோ பயன்படுத்திவிட்டு வைத்த கம்பியை நான் தூய்மை செய்யாமல் எடுத்ததுதான் காரணம். மதிப்பெண் போனது பெரிதில்லை; என் கண் பார்த்தது உண்மை, நான் எடுத்த முடிவு பொய் என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில நாள்கள் ஆயின.

கண்ணாடிக் கோலை நான் மறுப்பதற்கும் இதுவே காரணம். ஆய்வகங்களில் வழங்கும் கண்ணாடியில் சோடியம் ஓர் உறுப்பு. வெறும் கோலைச் சுடரில் சற்று நேரம் பிடித்தாலே சுடர் மஞ்சளாகும். அதில் எந்த உப்பும் ஒட்டியிருக்க வேண்டியதில்லை. பல இடங்களில் கண்ணாடிக் கோலைக் கொண்டே இச்சோதனையைச் செய்கிறார்கள் என்பதும், விரைவாகக் காட்டி எடுத்தால் பேரியத்தின் பச்சையோ தாமிரத்தின் நீலப்பச்சையோ தெரிந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பொட்டாசியத்தின் மெல்லிய ஊதாவை அந்தக் கோலில் தேடுவது வீண். பிளாட்டினம் கம்பியே சிறந்தது. அது கிடைக்காவிட்டால் நிக்ரோம் (நிக்கல், குரோமியம் கலப்புலோகம்) கம்பி போதும். கம்பியைக் கடிகாரக் கண்ணாடியில் உள்ள அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்து, பன்சன் அடுப்பின் ஒளிராச் சுடரில் காட்டி, மீண்டும் தோய்த்து, மீண்டும் காட்டி, சுடரில் எந்த நிறமும் தோன்றாத நிலை வரும்வரை இதைத் தொடர வேண்டும். மாணவர்கள் இதில்தான் பொறுமை இழக்கிறார்கள். சோதனையின் பாதி இந்தத் தூய்மையாக்கலில் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

அமிலம் எதற்கு என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். சுடரில் நிறம் தோன்ற வேண்டுமானால் உலோகம் முதலில் ஆவியாகிச் சுடருக்குள் செல்ல வேண்டும். உலோகங்களின் குளோரைடுகள் அவற்றின் சல்பேட், பாஸ்பேட் உப்புகளைவிடப் பொதுவாக எளிதில் ஆவியாகின்றன. ஆகவே உப்பை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குழைத்துப் பசையாக்கிக் கம்பியில் எடுக்கிறோம். பேரியம் சல்பேட் போன்ற பிடிவாதமான உப்பு நேரடியாக நிறம் தருவது அரிது. அதைச் சுடரின் ஆக்சிஜன் குறைந்த ஒடுக்கப் பகுதியில் சற்று நேரம் காட்டிச் சல்பைடாக ஒடுக்கி, பிறகு அமிலத்தில் நனைத்து மீண்டும் காட்டினால் பச்சை வெளிப்படும். காத்திருத்தலும் முக்கியம்: சோடியமும் பொட்டாசியமும் உடனே ஆவியாகி முதலில் தலைகாட்டும், பேரியமோ, கம்பி நன்றாகச் சிவக்கக் காய்ந்த பின்னரே வரும். முதல் நொடியில் தோன்றிய மஞ்சளைப் பார்த்துவிட்டுக் கம்பியை எடுத்துவிடும் மாணவர், பின்னால் வரவிருந்த பச்சையை இழந்துவிடுகிறார்.

மஞ்சளின் ஆதிக்கத்தை வெல்ல ஆய்வகத்தில் உள்ள பழைய துணை கோபால்ட் கண்ணாடி. அந்த நீலக் கண்ணாடி சோடியத்தின் மஞ்சளை உறிஞ்சிக்கொண்டு, நீலத்தையும் ஊதாவையும் அடர்சிவப்பையும் மட்டும் கடத்துகிறது. அதன் வழியே பார்க்கும்போது சோடியம் மறைந்துபோக, பொட்டாசியம் கருஞ்சிவப்பாகத் தெரியும். கால்சியத்தின் செங்கல் சிவப்பு அதே கண்ணாடியில் வெளிர்பச்சையாகவும், ஸ்ட்ரான்சியத்தின் சிவப்பு செவ்வூதாவாகவும் மாறித் தோன்றுவதால், வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரு சிவப்புகளைப் பிரித்தறியவும் அது உதவுகிறது. மலிவான, உடையாத வரை தேயாத இந்தக் கருவியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது.

கண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பது புதிய எச்சரிக்கையும் அன்று. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மன் வேதியியலாளர் ஆண்ட்ரியாஸ் மார்கிராஃப் சோடியம் உப்புகளையும் பொட்டாசியம் உப்புகளையும் சுடரின் நிறத்தால் வேறுபடுத்திக் காட்டியதிலிருந்து இச்சோதனையின் வரலாறு தொடங்குகிறது எனலாம். சிவப்பாக எரியும் லித்தியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் கண்ணால் பிரித்தறிய முடியாத நிலையில், முப்பட்டகத்தின் வழியே பார்த்தால் இரண்டும் தெளிவாக வேறுபடுகின்றன என்று 1834இல் எழுதியவர் ஆங்கிலேய அறிவியலாளர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். பன்சனும் முதலில் வண்ணக் கண்ணாடிகளையும் வண்ணக் கரைசல்களையும் கொண்டே சுடர்களை வடிகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒளியை முப்பட்டகத்தால் பிரித்துப் பார்க்கலாமே என்று சொன்னவர் இயற்பியலாளரான கிர்க்கோஃப். அந்த ஒரு மாற்றத்தால் 1860இல் சீசியமும் 1861இல் ருபீடியமும் கண்டுபிடிக்கப்பட்டன. ஒன்று கனிமநீரில் நீல வரிகளாகவும், மற்றொன்று லெபிடோலைட் என்ற கனிமத்தில் ஆழ்சிவப்பு வரிகளாகவும் தம்மைக் காட்டிக்கொண்டன. அவற்றின் பெயர்களே இலத்தீனில் அந்த நிறங்களைக் குறிப்பவை. வெறுங்கண்ணால் பார்த்திருந்தால் இரண்டும் பொட்டாசியத்தின் ஊதாவோடு ஊதாவாகக் கலந்து போயிருக்கும்.

இன்று ஒரு மாணவர் இதைச் செய்து பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பயனற்றுப்போன குறுந்தகட்டில் தடங்கள் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் அமைந்திருப்பதால் அது ஒளியைப் பிரிக்கும் கீற்றணியாகவே செயல்படுகிறது. ஒரு மூடிய பெட்டியில் குறுகிய பிளவும் எதிரே சாய்வாக அந்தத் தகட்டின் துண்டும் இருந்தால், சோடியச் சுடர் ஒற்றை மஞ்சள் கோடாகத் தெரியும். உண்மையில் அது 589.0, 589.6 நானோமீட்டர் என்ற இரு வரிகள். அவற்றைப் பிரித்துக் காட்டும் நுட்பம் அந்த எளிய பெட்டிக்குப் பெரும்பாலும் இருக்காது. ஆனாலும் லித்தியத்தின் 670.8 நானோமீட்டர் வரி தனித்து நிற்பதையும், ஸ்ட்ரான்சியத்தின் சிவப்பு பல பட்டைகளாகப் பரந்திருப்பதையும் பார்த்தவுடன் குழப்பம் தீர்ந்துவிடும்.

பட்டை என்று சொன்னதால் கட்டுரையின் விளக்கப் பகுதியைப் பற்றியும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. ‘உலோக அயனியின் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் மேல் ஆற்றல் மட்டத்துக்குச் சென்று, திரும்பி வரும்போது நிறத்தை உமிழ்கின்றன’ என்று அதில் எழுதப்பட்டிருந்தது. பாடம் சொல்லும் வசதிக்காக நாங்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொல்லிவந்தோம். ஆனால் சோடியம் அயனி அந்த மஞ்சளைத் தர இயலாது. நியானின் எலக்ட்ரான் அமைப்பைக் கொண்ட அந்த அயனியைக் கிளர்வுறச் செய்ய 30 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் (அணு அளவிலான ஆற்றலின் அலகு) மேற்பட்ட ஆற்றல் தேவை. மஞ்சள் ஒளிக்கு உரியதோ ஏறத்தாழ 2.1 எலக்ட்ரான் வோல்ட். நடப்பது என்னவென்றால், சோடியம் குளோரைடு சுடரில் ஆவியாகிப் பிரிந்து நடுநிலைச் சோடியம் அணுக்கள் உருவாகின்றன. அந்த அணுவின் வெளிப்புற எலக்ட்ரான்தான் மேலே சென்று திரும்புகிறது. அதிலும் 2000 கெல்வின் வெப்பநிலையில் ஒரு லட்சம் சோடியம் அணுக்களில் ஏறத்தாழ ஒன்றுதான் எந்த ஒரு கணத்திலும் கிளர்வு நிலையில் இருக்கும். அந்த ஒன்றே அறையை மஞ்சளாக்கப் போதுமானது என்பதில் எனக்கு இன்றும் வியப்புத் தீரவில்லை.

லித்தியம், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றுக்கு இந்த அணு விளக்கம் பொருந்துகிறது. கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம், தாமிரம் ஆகியவற்றுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. கால்சியம் அணுவின் முதன்மை வரி 422.7 நானோமீட்டரில் ஊதாவிலும், ஸ்ட்ரான்சியம் அணுவின் முதன்மை வரி 460.7 நானோமீட்டரில் நீலத்திலும் இருக்கின்றன. அணுக்கள் மட்டுமே ஒளிர்ந்திருந்தால் அட்டவணையின் சிவப்புகள் இருந்திருக்கவே முடியாது. செங்கல் சிவப்பையும் செஞ்சிவப்பையும் தருபவை சுடரில் குறுகிய நேரம் வாழும் கால்சியம் மோனோஹைட்ராக்சைடு, ஸ்ட்ரான்சியம் மோனோஹைட்ராக்சைடு போன்ற மூலக்கூறுகள். தாமிரத்தில் இதைக் கண்ணாலேயே காணலாம்: அமிலத்தில் நனைத்த உப்பு முதலில் தாமிர மோனோகுளோரைடால் நீலமாக எரிந்து, குளோரின் குறையக் குறையப் பச்சைக்கு மாறுகிறது. பேரியம், தாமிரம் என்ற இரண்டும் பச்சைதானே என்று தடுமாறும் மாணவருக்கு, நீலத்தில் தொடங்கியதா என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இவ்வளவு கவனத்தோடு செய்தாலும் சோதனை பேசாத இடங்கள் உண்டு. மக்னீசியத்தின் முதன்மை வரி 285.2 நானோமீட்டரில், கண்ணுக்குப் புலப்படாத புறஊதாவில் இருப்பதால் அது சுடரில் வாய் திறப்பதில்லை. அலுமினியமும் அம்மோனியமும்கூடச் சுடரில் நிறம் காட்டுவதில்லை. மறுபுறம், போரிக் அமிலம் பச்சையாக எரிந்து பேரியமோ தாமிரமோ என்று எண்ணவைக்கும். அதில் உலோகமே இல்லை. நிறம் தெரியவில்லை என்பதால் உலோகம் இல்லை என்றோ, பச்சை தெரிந்ததால் பேரியம் உண்டு என்றோ எழுதிவிட முடியாது. பேரியத்தை ஐயமறக் காட்டுவது, அசிட்டிக் அமிலக் கரைசலில் பொட்டாசியம் குரோமேட் தரும் மஞ்சள் வீழ்படிவு. தாமிரத்தைக் காட்டுவது, மிகுதியான அம்மோனியாவில் தோன்றும் ஆழ்நீலம். சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகள் பெரும்பாலும் நீரில் கரைந்துவிடுவதால் அவற்றுக்கு வீழ்படிவுச் சோதனைகள் மிகக் குறைவு. அங்கு மட்டும் சுடருக்கு உண்மையிலேயே பெரிய அதிகாரம் உண்டு. மருத்துவ ஆய்வகங்களில் குருதிநீரின் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் அளக்க நெடுங்காலம், சுடரின் ஒளியளவை அளக்கும் கருவியான சுடர் ஒளிமானியே பயன்பட்டது என்பதைக் கட்டுரை சேர்த்திருந்தால், அட்டவணைக்கு அது நல்ல துணையாக இருந்திருக்கும்.

நிறக்குருடு உள்ள மாணவர்களைப் பற்றியும் ஒரு சொல். வகுப்பில் அத்தகையோர் ஒருவரோ இருவரோ இருப்பது இயல்பு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஒரு மாணவர் பக்கத்து ஏட்டைப் பார்த்து எழுதியதைக் கண்டு ஒரு முறை கடிந்துகொண்டு, உண்மை தெரிந்த பின் வருந்தியிருக்கிறேன். 1863இல் ஜெர்மன் வேதியியலாளர் ஃபெர்டினாண்ட் ரைக் துத்தநாகத் தாதுவில் ஒரு புதிய தனிமத்தை ஐயுற்றபோது, தமக்கு நிறங்கள் தெரியாது என்பதால் ஹீரோனிமஸ் ரிக்டரை நிறமாலையைப் பார்க்கச் செய்தார். இண்டிகோ எனப்படும் அவுரி நீலத்தில் ரிக்டர் கண்ட வரியால்தான் அத்தனிமம் இண்டியம் என்று பெயர் பெற்றது. நிறம் தெரியாதவருக்கு ஆய்வகத்தில் இடமில்லை என்று யாரும் எண்ணிவிடாமலிருக்க இதைக் குறிப்பிடுகிறேன்.

இறுதியாக மெத்தனால் பற்றிய யோசனை. மற்றவை கருத்துப் பிழைகள். இது உயிரோடு விளையாடுவது. அருகே தீப்பொறி இருந்தால் மெத்தனாலின் ஆவி பற்றிக்கொள்ளத் தொடங்கும் வெப்பநிலை ஏறத்தாழ 11 டிகிரி செல்சியஸ் என்பதால் சாதாரண அறையிலேயே அதன் ஆவி தீப்பிடிக்கக் காத்திருக்கும். அதன் சுடரோ வெளிச்சத்தில் கண்ணுக்கு எளிதில் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் புட்டியிலிருந்து மேலும் ஊற்றும்போது தீ புட்டிக்குள் பாய்ந்து எதிரே அமர்ந்திருப்பவர்கள்மீது பீறிடும். இந்த ‘வானவில்’ செயல்விளக்கத்தால் வகுப்பறைகளில் மாணவர்கள் தீக்காயமுற்ற நிகழ்வுகளுக்குப் பின் அமெரிக்க வேதியியல் கழகத்தின் பாதுகாப்புக் குழு 2014இல் இதைக் கைவிடும்படி கேட்டுக்கொண்டது. அதே நிறங்களைக் காட்ட, உப்புக் கரைசலில் இரவு முழுவதும் ஊறவைத்த மரக்குச்சியைப் பன்சன் சுடரில் ஒரு நொடி காட்டினாலே போதும். அதையும் ஆசிரியர் முன்னிலையில், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து செய்ய வேண்டும். பேரியம் உப்புகள் நச்சுத்தன்மை உடையவை என்பதால் கைகளைக் கழுவாமல் ஆய்வகத்தை விட்டு வெளியேறக் கூடாது.

ஆகவே, தங்கள் நாளிதழ் அடுத்து வெளியிடும் அறிவியல் பக்கத்தில் மெத்தனால் பற்றிய பகுதியை முதலில் திரும்பப் பெறுமாறும், கண்ணாடிக் கோல் என்ற இடத்தில் அமிலத்தில் தூய்மை செய்த நிக்ரோம் கம்பி என்று திருத்துமாறும், நிற அட்டவணையை மீண்டும் வெளியிடுவதானால் அதில் ஒவ்வோர் உலோகத்தின் பெயருக்குப் பின்னும் ‘இருக்கலாம்’ என்ற சொல்லைச் சேர்த்து, மேலும் ஒரு பத்தி இட்டு அதில் உறுதிச் சோதனையைக் குறிப்பிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்